சந்தையில் விவசாயி எங்கே?

அன்புள்ள சார்,

போன மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை விவசாயிகள் சந்தையை விட்டுவிடாதீர்கள் என்று நண்பர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் தக்காளி, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தேங்காய், போதாததற்கு பிளாஸ்டிக் குடம். இதை வாங்கவா மலை ஏறினோம் என்று ஆகிவிட்டது. விற்பவர்களில் பாதிப் பேர் விவசாயியே இல்லை. ஒருவர் மலைக்குக் கீழே வத்தலக்குண்டிலிருந்து வருவதாக அவரே சொன்னார். மலைப்பூண்டு வாங்கினேன், அதுவும் அசல்தானா தெரியவில்லை. விவசாயிகள் சந்தை என்று சொல்லி சுற்றுலா வருபவர்களை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ச., மதுரை

அன்புள்ள ச.,

விவசாயிகள் சந்தை என்று சொன்னது உங்கள் நண்பர்கள்தான், கடை போட்டிருந்தவர்கள் இல்லை. அது வாரச்சந்தை. சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் அங்கே விற்க வருவதைவிட வாங்க வருவதுதான் அதிகம். 7,000 அடி உயரத்தில் முருங்கை காய்க்காது, தென்னை நிற்காது. மன்னவனூர் மாதிரி மலைக்கிராமத்தில் இருப்பவர் வீட்டிலும் சாம்பார் கொதிக்கத்தானே வேண்டும்? அதற்குத்தான் வத்தலக்குண்டுக்காரர் விடியுமுன் மூட்டையோடு மலை ஏறி வருகிறார். நீங்கள் குறை சொல்லும் தக்காளிக்காகத்தான் அந்தச் சந்தையே கூடுகிறது.

சரி, மலையில் விளைவதெல்லாம் எங்கே போகிறது? பூண்டு கீழே வடுகப்பட்டிச் சந்தைக்கு, காய்கறி பெரும்பாலும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு. விதைக்கும்போதே மண்டியில் முன்பணம் வாங்கியவர் அறுத்ததை அந்த மண்டியில்தான் போட்டாக வேண்டும், விலையும் அவர்கள் சொல்வதுதான், கமிஷனும் அதிலேயே கழியும். முன்பணம் வாங்காதவருக்கு மட்டும் என்ன, ஐம்பது மூட்டை கேரட்டைச் சந்தையில் சாக்கு விரித்துக் கிலோ கிலோவாக நிறுத்துக்கொண்டிருக்க முடியுமா? லாரியில் ஏற்றிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விடுவார்.

ஆனாலும் விவசாயியே இல்லை என்று சொல்லாதீர்கள், இருக்கிறார்கள். பதினைந்து வகைக் காயை அடுக்கி மின்தராசு வைத்திருப்பவர் வியாபாரி. ஓரமாக ஒரு சாக்கில் பேரிக்காயைக் கூறு கூறாகப் பிரித்து, பக்கத்தில் நாலு பட்டர் ஃப்ரூட்டும் ரெண்டு கட்டு கீரையும் மட்டும் வைத்து ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார் பாருங்கள், அது அநேகமாக அவர் வீட்டுக் கொல்லையில் காய்த்தது. பேரிக்காயில் தழும்பும் கரும்புள்ளியும் இருக்கும், ஒரே அளவாக இருக்காது. அழகாக இல்லையே என்று தாண்டிப் போய்விடுகிறோம், அப்புறம் விவசாயி எங்கே என்று தேடுகிறோம். அவர்களுக்கு ஊர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் காலையிலேயே போங்கள். ஓட்டலில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்குப் போனால் வியாபாரிகளைத்தான் பார்க்கலாம்.

விளைவித்தவரே விற்க வேண்டும் என்பதற்கென்றே அரசாங்கம் கொண்டுவந்தது உழவர் சந்தை. முதல் சந்தை 1999 நவம்பர் 14-ல் திறந்தது உங்கள் மதுரை அண்ணா நகரில்தான். நிலத்தையும் பயிரையும் பார்த்து அடையாள அட்டை கொடுப்பார்கள், அன்றன்றைக்கு விலைப் பலகை எழுதி வைப்பார்கள். அங்கேயும் வியாபாரி நுழைந்துவிடுகிறார் என்ற புகார் பழசுதான். ஆனால் அங்கே அட்டை என்று ஒன்று இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம், வாரச்சந்தையில் அது கிடையாது. கேட்பதுதான் கேட்கிறீர்கள், அண்ணா நகரில் கேளுங்கள்.

பூண்டு விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதோடு பெயருக்கும் விலை ஏறியது. வெளி மாநிலப் பூண்டும் இப்போது அதே பெயரில் விற்கிறது. அடுத்த முறை குழந்தை வேலப்பர் கோயிலுக்கென்று, பூண்டு விளையும் பூம்பாறைக்குப் போனால் அங்கேயே வீடுகளில் விசாரியுங்கள். தாளோடு பிடி பிடியாகக் கட்டிப் புகை போட்டுக் காய வைத்தது இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். தோலில் புகைக்கறை இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம், நாள்பட இருப்பதற்குத்தான் அந்தப் புகை. அப்போதுதான் பிடுங்கிய ஈரப்பூண்டு பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் காயக் காய எடை குறையும், மதுரை வெயிலில் பாலிதீன் பைக்குள் கட்டி வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. துணிப்பை கொண்டுபோங்கள்.