ஒரே பெட்டி, ரெண்டு கை

கேள்வி: நானும் தம்பியும் வீட்டுக் கம்ப்யூட்டரில் சண்டை கேம்கள் ஆடுகிறோம். அவனுக்கு நீள விரல், திசைக்குப் பிடித்து ஆட்டும் லிவர்தான் (ஜாய்ஸ்டிக்) வேண்டும் என்கிறான். எனக்குச் சின்னக் கை, திசைக்கும் பட்டனே இருந்தால் வசதி. ரெண்டு கன்ட்ரோலர் வாங்க வசதியில்லை. பட்டன்களை இடம் மாற்றிக்கொள்ளும்படி ஒன்றை நாங்களே செய்ய முடியுமா? – கல்லிடைக்குறிச்சி வாசகி

முடியும். ஆனால் நீங்கள் கேட்பதில் ரெண்டு வேலை இருக்கிறது. எந்தப் பட்டன் என்ன செய்யும் என்பதை மாற்றுவது ஒன்று, பட்டன் எங்கே இருக்கும் என்பதை மாற்றுவது இன்னொன்று. முதலாவது மென்பொருளில் ஐந்து நிமிட வேலை. யோசனையும் செலவும் ரெண்டாவதில்தான்.

முதலாவதைச் சட்டென்று முடித்துவிடுவோம். 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன போர்டு போதும். பட்டன் இணைக்க அதில் 26 பின்கள் உண்டு. அதன் பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே யுஎஸ்பியில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளின் கோப்பை அதில் போடுங்கள். அப்புறம் ஸ்டார்ட்டுக்கென்று நீங்கள் இணைத்த பட்டனை அழுத்தியபடி செருகி, பிரவுசரில் 192.168.7.1 என்று அடித்தால் எந்தப் பின் எந்த வேலை செய்யும் என்பதை மாற்றும் பக்கம் திறக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கால் பின்னுக்கு, மறு கால் கிரவுண்டுக்கு, அதாவது எல்லாப் பட்டனுக்கும் பொதுவான ஜிஎன்டி பின்னுக்கு. ரெசிஸ்டர் எதுவும் வேண்டாம். 5 வோல்ட் வயர் மட்டும் எந்தப் பட்டன் பின்னையும் தொடக் கூடாது, அவை 3.3 வோல்ட் பின்கள்.

இனி பெட்டி. பட்டனை மட்டும் தனித்தனியாக நகர்த்தும்படி காந்தம் வைத்துச் செய்கிறார்கள். பார்க்க அழகுதான். எனக்கு நம்பிக்கையில்லை. காந்தம் மேலே இழுத்தால் பிடித்துக்கொள்ளும், பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கும். சண்டை சூடுபிடித்தால் தம்பி பட்டனை மெதுவாகவா தட்டப் போகிறான்? அதோடு விரலுக்கு இடம் பழக நாளாகும். தினமும் நகர்ந்தால் பழகவே பழகாது. உங்களுக்கு வேண்டியது நூறு அமைப்பு இல்லை, ரெண்டே ரெண்டு. ஆகவே பெட்டி ஒன்று, மேல்தட்டு ரெண்டு. தட்டை நான்கு மூலையிலும் போல்ட் போட்டு, விங் நட்டால் இறுக்குங்கள்.

தட்டை எதில் செய்வது என்பதில்தான் நான் முதல் முறை ஏமாந்தேன். ஆசாரியிடம் சொல்லி 18 மி.மீ. பிளைவுட்டில் வட்ட வட்டமாகத் துளை போட்டு வாங்கிவந்தேன். பட்டனின் பக்கக் கொக்கி அந்தத் தடிமனில் பிடிக்கவேயில்லை. அழுத்தி மாட்டும் வகைப் பட்டனுக்கு 3 மி.மீ. அக்ரிலிக் சரி. தடித்த மரம்தான் வேண்டுமென்றால் மரை போட்டு இறுக்கும் வகையை வாங்குங்கள். அக்ரிலிக்கைக் கையால் துளைக்காதீர்கள், விரியும். பாளையங்கோட்டைப் பக்கம் லேசர் மெஷின் உள்ள பெயர்ப்பலகைக் கடையில் கோரல் டிரா கோப்பாகக் கொடுங்கள். துளை 30 மி.மீ. அல்லது 24 மி.மீ. முழுத் தட்டையும் வெட்டும் முன் துண்டு அக்ரிலிக்கில் ஒரே ஒரு துளை வெட்டச் சொல்லி, பட்டனைப் போட்டுப் பாருங்கள். 30 மி.மீ. பட்டன்களுக்கு மையத்திலிருந்து மையம் 36 மி.மீ. விடலாம். உங்கள் கைக்கு 24 மி.மீ. பட்டனை நெருக்கி வைப்பதே தோது. தம்பியின் லிவர் அடியில் வெகுவாகத் தொங்கும், பெட்டியின் ஆழத்தை அதை அளந்த பிறகு முடிவுசெய்யுங்கள். லிவர் வரும் இடத்தில் அக்ரிலிக் வளையும், அடியில் பிளைவுட் ஒட்டுங்கள்.

அளவு எடுக்க உங்கள் ஊரில் கிடைக்காத பொருளா? ஓர் அப்பளப் பெட்டி அட்டையை விரித்து, கண்ணை மூடிக் கையை இயல்பாக வையுங்கள். விரல் நுனி விழுந்த இடத்தில் பத்து ரூபாய் நாணயத்தை ஒட்டுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ., சின்ன பட்டனின் விளிம்புக்குக் கிட்டத்தட்ட வரும். ரெண்டு மூன்று நாள் அதைத் தட்டிப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் நாணயத்தைத் தள்ளி ஒட்டுவது எளிது.

தட்டு மாறும்போது வயர் எப்படி மாறும்? பழைய கம்ப்யூட்டரின் சவுண்டு கார்டில் ஜாய்ஸ்டிக் செருகும் 15 பின் சாக்கெட் நினைவிருக்கிறதா? அதே வகை, சால்டர் செய்யும் டைப், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேளுங்கள். திசை நான்கு, அடி உதை எட்டு, கிரவுண்டு ஒன்று: 13 பின் போதும். லிவருக்குள்ளும் நான்கு சுவிட்சுதான், அதே நான்கு பின்னில் உட்காரும். பெட்டியில் பெண் சாக்கெட், ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒரு ஜாண் வயரில் ஆண் பிளக். ஸ்டார்ட், செலக்ட் போன்றவை பெட்டியின் பக்கவாட்டில் நிரந்தரமாக இருக்கட்டும்.

இதில் ஒரு கட்டுப்பாடு: பின் எண்ணை வேலைக்குக் கொடுங்கள், இடத்துக்குக் கொடுக்காதீர்கள். ரெண்டு தட்டிலும் 'லேசான குத்து' 5ஆம் பின் என்றால் 5ஆம் பின்தான், பட்டன் எந்த மூலையில் இருந்தாலும் சரி. அப்படிச் செய்தால் தட்டு மாற்றும்போது மென்பொருளைத் தொடவே வேண்டாம். ஆண், பெண் ரெண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். அதனால் கண்ணளவில் நம்பாமல், பிளாஸ்டிக்கில் பொடியாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து சால்டர் செய்யுங்கள்.

கிரவுண்டு வயரைப் பட்டன் பட்டனாகக் கோத்துக்கொண்டு போய், கடைசியில் மறுபடி முதல் பட்டனுக்கே கொண்டுவந்து வளையமாக்குங்கள். கோத்ததோடு விட்டால் நடுவில் ஓரிடம் கழன்றாலும் அதற்குப் பிந்தியவை மொத்தமும் சாகும். வளையமாக இருந்தால் ஓர் அறுபடல் எதையும் கெடுக்காது.

உங்கள் தட்டுக்கு மட்டும் ஒரு விஷயம். லிவரில் இடமும் வலமும் ஒரே நேரத்தில் போக முடியாது, பட்டனில் போகும். அப்படி அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு மென்பொருளில் எஸ்ஓசிடி என்று ஓர் அமைப்பு உண்டு. 'நியூட்ரல்' வையுங்கள், அதாவது ரெண்டும் ரத்தாகிவிடும். பிற்பாடு போட்டிக்குப் போனாலும் இது பெரும்பாலும் வம்பில்லாத தேர்வு.

மூடும் முன் பெட்டிக்குள் ஃபோம் ஷீட் ஒட்டுங்கள். வெற்றுப் பெட்டி மத்தளம் மாதிரி முழங்கும். ராத்திரி பதினோரு மணிக்கு ஆச்சி எழுந்துவந்தால் தட்டு ரெண்டும் பரண் ஏறிவிடும்.