ஜாமீன் கிடைத்தும் உள்ளே: விசாரணைக் கைதிகளுக்கான சட்ட உதவி, கேள்வி பதில்

கேள்வி: என் தம்பி கைதாகி ரொம்ப நாளாகிறது. ஜாமீன் கிடைக்குமா?

பதில்: எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம், என்றைக்கு ரிமாண்ட் (நீதிமன்றம் காவலில் வைத்த உத்தரவு)? ஒன்றுமே எழுதாமல் பதில் கேட்டால் எப்படி? காவல் நிலையம், குற்ற எண், சட்டப் பிரிவுகள், ரிமாண்ட் தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 15100-க்கு போன் செய்யுங்கள். அங்கேயும் முதலில் கேட்பது இந்த நான்கைத்தான்.

கேள்வி: வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிறோம். இலவச வக்கீல் தருவார்களா?

பதில்: தருவார்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் பாருங்கள். நியமிக்கப்பட்ட வக்கீல் பணம் கேட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: திருட்டு வழக்கு. 60 நாள் முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை. வந்த பிறகு பார்க்கலாம் என்கிறார் வக்கீல்.

பதில்: வந்த பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. கெடு நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கிடைக்கும் கட்டாய ஜாமீன் உரிமை, குற்றப்பத்திரிகை தாக்கலாகும்முன் மனு போட்டவருக்குத்தான். கணக்கு கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்ட் தேதியிலிருந்து. அந்த நாளும் சேரும். மார்ச் 1 ரிமாண்ட் என்றால் 60-ஆம் நாள் ஏப்ரல் 29. மறுநாள் காலை நீதிமன்றம் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும். மரணம், ஆயுள், பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். வணிக அளவு போதைப்பொருள் வழக்குக்கு 180. மனு போட்டால் மட்டும் போதாது, ஜாமீன்தாரரும் தயாராக இருக்க வேண்டும். உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரரைக் கொண்டுவராமல் நீங்கள் இழுத்தால், அதற்குள் குற்றப்பத்திரிகை வந்து உரிமை போய்விடும். இவ்வளவு பணம் கட்டு என்ற நிபந்தனையை இந்த வகை ஜாமீனில் போட முடியாது. உச்ச நீதிமன்றம் 2020-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே இதைச் சொல்லிவிட்டது.

கேள்வி: தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்தால் விட்டுவிடுவார்களாமே? இது கொலை வழக்கு.

பதில்: கொலைக்குப் பொருந்தாது. மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களை, இந்தச் சலுகையைத் தரும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479-ஆம் பிரிவே விலக்கியிருக்கிறது. மற்றவற்றில், முன்பு தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மற்றவருக்குப் பாதி. மூன்றாண்டு தண்டனையுள்ள திருட்டு என்றால் ஓராண்டு, அல்லது ஒன்றரை ஆண்டு. அந்தச் சட்டம் அமலான 1.7.2024-க்கு முந்தைய வழக்குகளுக்கும் இது உண்டு. வேறு வழக்கும் நிலுவையில் இருந்தால் சிக்கல். அதை மறைத்து மனு போடாதீர்கள். நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், ரிமாண்ட் தேதியை நீங்களே எண்ணுங்கள்.

கேள்வி: ஜாமீன் உத்தரவு வந்து இருபது நாள். இரண்டு ஜாமீன்தாரர், ஒருவர் ரத்த உறவு, இருவரும் உள்ளூர், சொத்துச் சான்று வேண்டும் என்கிறார்கள். நாங்கள் செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்கள்.

பதில்: நாட்டுச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் கிடப்பவர்களும் உண்டு. இது சட்டத்தின் குறையல்ல, பழக்கதோஷம். 1978-ல் மோதிராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளியதை நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்து, ஜாமீன்தாரர் இல்லாமல், கைதியே எழுதிக் கொடுக்கும் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்னும் தாசில்தார் அலுவலகத்தில் சொத்துச் சான்றுக்கு வரிசை நிற்கிறது. சொத்தே இல்லாதவன் எதற்குச் சான்று வாங்குவான்?

செய்ய வேண்டியது இது. 31.1.2023 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தாரா என்று எழுத்தில் கேளுங்கள். கைதியின் குடும்பப் பொருளாதார நிலை பற்றி அறிக்கை தயாரிக்கச் செயலாளரிடம் வேண்டுங்கள். அந்த அறிக்கையோடு நிபந்தனைத் தளர்வு மனு போடுங்கள்: முதலில் சொந்தப் பிணை, இல்லாவிட்டால் ஒரே ஜாமீன்தாரர், அதுவும் இல்லாவிட்டால் வெளியே வந்து ஜாமீன்தாரரைத் தேடத் தற்காலிக ஜாமீன். மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். ரேஷன் அட்டை நகல், சூளை முதலாளியின் கடிதம், சொத்தில்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றை இணையுங்கள். ஒரு மாதம் கடந்தால் நீதிமன்றமே தானாக முன்வந்து தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனை கூடாது என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது.

நீதிமன்ற வாசலில் ‘ஜாமீன்தாரர் ஏற்பாடு செய்கிறேன்’ என்று வரும் தரகரிடம் போகாதீர்கள். வீட்டு வரி ரசீது போலி என்று தெரிந்தால் ஜாமீன் போகும், புது வழக்கு வரும்.

கேள்வி: ஜாமீன் கொடுத்தாயிற்று, உத்தரவும் சிறைக்குப் போயிற்று. இன்னும் விடவில்லை.

பதில்: தகப்பனார் பெயரோ குற்ற எண்ணோ உத்தரவில் பிழையாக இருக்கும், அல்லது வேறு வழக்கில் கைதியை ஆஜர்படுத்தச் சொல்லும் பி.டி. வாரண்ட் இருக்கும். இரண்டையும் சிறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: குண்டர் சட்டத்தில் போட்டுவிட்டார்கள். ஜாமீன் மனு போடலாமா?

பதில்: மூல வழக்கில் போடலாம்; ஆனால் அதனால் மட்டும் வெளியே வர முடியாது. தடுப்புக்காவல் தனி உத்தரவு, அதிகபட்சம் 12 மாதம். அரசுக்கு உடனே முறையீடு அனுப்பி, அனுப்பிய தேதிக்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பரிசீலிக்க அரசு காரணமின்றித் தாமதித்தால் அதுவே உத்தரவை உடைக்கும். கொடுத்த ஆவணங்களில் படிக்க முடியாத பக்கமோ, கைதிக்குத் தெரியாத மொழியில் மொழிபெயர்ப்பில்லாத பக்கமோ இருந்தால் குறித்து வையுங்கள். தடுப்புக்காவலை எதிர்த்துப் போடும் ஆட்கொணர்வு மனுவுக்கு உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு வக்கீல் தரும்.

கேள்வி: தனி வக்கீலை விட்டுவிட்டு இலவச வக்கீலுக்கு மாற முடியுமா?

பதில்: முடியும். சிறைக்குப் புது வக்காலத்து அனுப்பினால் கைதி கையெழுத்திட்டு, சிறை அதிகாரி சான்றொப்பத்துடன் திரும்பும். பழைய வக்கீலிடம் ஆட்சேபனையில்லை என்று எழுதி வாங்குங்கள். அவர் மறுத்தால் அதைச் சொல்லி நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். கேஸ் கட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், ரிமாண்ட் நகல் அதில்தான் இருக்கும்.