வன்னி வழியே நடந்த சிங்கம்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

இரணைமடுவுக்கு அருகில் வசிக்கும் உயர்தர உயிரியல் மாணவன் நான். இலங்கையில் சிங்கம் ஒருபோதும் வாழ்ந்ததில்லை, கொடியிலும் கற்சிலைகளிலும் மட்டுமே அது இருக்கிறது என்றுதான் இதுவரை நம்பியிருந்தேன். அண்மையில் ஒரு நூலில், இலங்கைச் சிங்கம் என்று ஓர் இனம் இருந்து அழிந்ததாக வாசித்தேன். வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவோடு பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குப் போயிருக்கிறேன். பத்தடி தள்ளி நிற்கும் யானையே கண்ணுக்குத் தெரியாத காடு. இங்கே சிங்கம் எப்படி வாழ்ந்திருக்க முடியும்? வாழ்ந்திருந்தால் அதை அழித்தது காலநிலையா, மனிதனா?

உங்கள் வாசகன்,
கிளிநொச்சி மாவட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் வாசித்தது உண்மை. நண்பர்களிடம் தைரியமாகச் சொல்லலாம். கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல, இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவில் கிடைத்த புதைபடிவப் பல்லை ஆராய்ந்து, 1939இல் அதற்கு ‘பாந்தெரா லியோ சிங்ஹலேயஸ்’ என்று பெயரிட்டார். இன்றைய சிங்கங்களின் பல்லைவிட அது ஒடுங்கி நீண்டிருந்தது. எலும்புக்கூடு எதுவும் கிடைக்கவில்லை. ஓரிரு பற்கள்தான் மொத்தச் சான்று. அந்தச் சிங்கம் சுமார் 39,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டதாகக் கருதப்படுகிறது.

நம் நாட்டில் ஒரு விலங்கின் பெயரைச் சொன்னாலே அரசியல் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் உங்கள் வகுப்பிலும் சிரிப்பு எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். கொடியிலுள்ள சிங்கம் மனிதர் வரைந்தது. பல்லாகக் கிடைத்த சிங்கத்துக்குச் சிங்களமும் தெரியாது, தமிழும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை புல், நீர், இரை மூன்றும்தான். இந்த மூன்றையும் தேடித்தான் அது குருவிட்ட வரை போயிருக்கிறது.

எப்படிப் போனது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. சிங்கம் கடல் கடந்து வரும் விலங்கு அல்ல. பாக்கு நீரிணையோ பெரும்பகுதியும் பதினைந்து மீற்றர் ஆழம்கூட இல்லாத கடல். உலகின் வட, தென் முனைகளில் பனி பெருகிய காலங்களில் கடலிலிருந்து ஆவியான நீர் பனியாகப் பெய்து, உறைந்து நிலத்திலேயே தங்கியது. அது உச்சத்திலிருந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. இத்தகைய காலம் அதற்கு முன்னரும் பலமுறை வந்து போயிருக்கிறது. அப்போதெல்லாம் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கடல் இல்லை, நிலம்தான். கடல் கடைசியாக ஏறி நம்மைத் தீவாக்கிச் சுமார் 7,000 ஆண்டுகள் ஆகின்றன. இந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த விலங்கு தெற்கே போக வேண்டுமானால் மன்னாரையும் வன்னியையும் தாண்டியே ஆக வேண்டும். வன்னியில் சிங்கத்தின் எலும்பு கிடைக்கவில்லை. ஆனாலும் அது நம் மண்ணை மிதித்தே போனது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த அடர்காட்டுக்குள்ளா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஓகஸ்ட் மாதத்தில் ஏதாவது ஒரு குளத்தின் அலைகரைக்குப் போய் நின்று பாருங்கள். நீர் வற்றி உள்வாங்கிய இடமெல்லாம் புல் முளைத்திருக்கும். மாடும் எருமையும் மேயும். பொழுது சாயும் நேரத்தில் புள்ளிமான் கூட்டம் காட்டு விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். சிங்கத்துக்கு வேண்டியது அந்த இடம். கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடும் விலங்குக்கு இரையும் கூட்டமாக வேண்டும். கூட்டமாக மேயும் இரைக்குத் தரவை எனப்படும் திறந்த புல்வெளி வேண்டும். தனியாகப் பதுங்கிப் பாயும் சிறுத்தைக்குத்தான் உங்கள் பாலை, வீரை, முதிரை மரங்கள் நிற்கும் காடு பொருந்தும்.

அந்தக் காடும் என்றென்றைக்கும் இப்படியே இருந்ததல்ல. வன்னிக் காட்டின் நடுவே உடைந்த அணைக்கட்டும் துருசுக் கற்களும் கிடப்பதை உங்கள் அப்பா கண்டிருப்பார். சில நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே வயல் இருந்தது. சில நூற்றாண்டுகளில் இவ்வளவு மாறுமென்றால், பல்லாயிரம் ஆண்டுகளில் என்னதான் மாறாது?

இதற்கான சாட்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இலங்கைத் தொல்லியலில் ‘இரணைமடுப் படிவம்’ என்றொரு மண்ணடுக்குக்குப் பெயர். ஆம், உங்கள் இரணைமடுதான். வீதிக்குக் கிரவல் வெட்டிய குழி ஒன்றின் சுவரை உற்றுப் பாருங்கள். அடியில் உருண்ட கூழாங்கற்கள் நெருக்கமாகப் படிந்திருக்கும். அதன் மேல் மாவாக உதிரும் செம்மணல், கூழாங்கல் ஒன்றுகூடக் கலக்காமல், ஆள் உயரத்துக்கும் மேலாக நிற்கும். அடியிலுள்ள சரளையை உருட்டி வந்தது நீர். மேலுள்ள மணலைக் குவித்தது காற்று. தென்கரையில் இதே வகைப் படிவத்தின் சரளைக்குள் கிடைத்த கற்கருவிகளுக்கு ஏறத்தாழ 125,000 ஆண்டு வயது கணித்திருக்கிறார்கள். மழை ஓங்கிய காலமும் வறட்சி ஓங்கிய காலமும் மாறி மாறி வந்ததை அந்த ஒரே சுவரில் வாசிக்கலாம். மலைநாட்டிலும் இதே கதைதான். ஹோர்ட்டன் சமவெளியின் சேற்றில் புதைந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், 24,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஏறத்தாழ 18,500 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தக் குளிர் மேட்டிலேயே வறட்சி நிலவியது என்றும், பிறகுதான் பருவமழை வலுத்தது என்றும் காட்டியிருக்கிறார்கள். பருவமழை தளர்ந்தால் காடு சுருங்கிப் புல் விரியும். மழை வலுத்தால் காடு மூடும். பல் கிடைத்த குருவிட்ட இன்று மழைக்காட்டுப் பகுதி. அந்தச் சிங்கம் வாழ்ந்த நாளில் அங்கே வெளி திறந்திருந்தது என்பதே என் துணிபு.

உலகம் முழுவதும் சிங்கத்தின் எல்லையை இப்படித்தான் மழையும் பனியும் வரைந்திருக்கின்றன. இன்றைய சிங்கத்திடமிருந்து சுமார் 500,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்த குகைச் சிங்கம் ஐரோப்பாவிலிருந்து அலாஸ்கா வரை குளிர்ப் புல்வெளிகளில் பரவியிருந்தது. சைபீரியாவின் உறைமண்ணில் மீசை மயிர்கூடக் கலையாமல் கிடைத்த ஒரு குட்டிக்கு வயது ஏறத்தாழ 28,000 ஆண்டுகள். பூமி சூடாகி, அந்தப் புல்வெளியில் புதரும் சதுப்பும் ஏறியபோது, சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் குகைச் சிங்கம் இல்லாமல் போனது.

சகாராவின் கதை என்னை இன்னும் அதிகமாக வியக்க வைக்கிறது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே மழை பெய்தது. ஏரியும் புல்லும் இருந்தன. நீர்யானை வாழ்ந்தது. மழை பின்வாங்கியபோது பாலைவனம் விரிந்து, வட ஆபிரிக்கச் சிங்கத்தைத் தெற்கிலிருந்து வெட்டிவிட்டது. கண்டத்தின் நடுவில் மழைக்காடு விரிந்த காலங்களில் இன்னொரு வெட்டு விழுந்தது. இவற்றின் விளைவை மரபணுவில் பாருங்கள். செனகலின் சிங்கம் தன் கண்டத்திலேயே இருக்கும் கென்யச் சிங்கத்தைவிடக் குஜராத்தின் கிர் சிங்கத்துக்கு நெருங்கிய உறவு. 2017இல் சிங்கத்தின் துணையினங்களைத் திருத்தி வகுத்தபோது மேற்கு ஆபிரிக்கச் சிங்கத்தையும் இந்தியச் சிங்கத்தையும் ஒரே துணையினத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இந்தியாவில், வரலாற்றுக் காலத்துச் சிங்கம் நர்மதைக்குத் தெற்கே இறங்கவில்லை. சிந்துவெளி முத்திரைகளில் புலி, யானை, காண்டாமிருகம் எல்லாம் இருக்கின்றன, சிங்கம் இல்லை. நர்மதையிலிருந்து குருவிட்டவுக்கு 1,500 கிலோமீற்றருக்கு மேல். இன்று சிங்கத்துக்கு வழியே இல்லாத இந்தத் தொலைவு முழுவதும் ஒருகாலத்தில் புல்வெளி தொடராக இருந்திருக்கிறது. அந்த ஓரிரு பற்கள் சொல்லும் பெரிய செய்தி எனக்கு இதுதான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நம் தீவில் மனிதர் மீது பழி போட எனக்குச் சான்று தெரியவில்லை. தென்மேற்கு ஈரவலயக் குகைகளில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் தின்று போட்ட எலும்புகளில் மிகுதியானவை குரங்கும் மர அணிலும். அவர்கள் மூடிய காட்டின் வேட்டைக்காரர்கள். ஆனால் பிற நாடுகளில் காலநிலை துண்டாடியதை மனிதன் துடைத்தெடுத்தான். கிமு 480இல் கிரேக்கத்தின் மேல் படையெடுத்துச் சென்ற பாரசீக மன்னனின் ஒட்டகங்களைச் சிங்கங்கள் தாக்கியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதினார். அந்தச் சிங்கங்கள் போயின. மொரோக்கோவில் 1942இல் ஒரு சிங்கம் சுடப்பட்டது. அதே பத்தாண்டில் ஈரானிலும் கடைசிச் சிங்கங்கள் முடிந்தன. ஆசியாவில் எஞ்சியது கிர் காட்டுக் கூட்டம் ஒன்றுதான். வேட்டையைத் தடுத்துக் காத்ததால், 2025 கணக்கெடுப்பில் அங்கே 891 சிங்கங்கள்.

வன்னியில் இன்று எஞ்சியிருக்கும் பெரிய வேட்டை விலங்கு சிறுத்தை. 2018 ஜூனில் கிளிநொச்சியில் ஒரு சிறுத்தையை ஊர் கூடி அடித்துக் கொன்றதைப் படத்தோடு பார்த்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. அதற்குக் காலநிலையைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் வகுப்பில் விவாதிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் விருப்பம்.

கிரவல் குழிக்குப் போவதானால் பெரியவர் ஒருவரோடு போங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கவே வேண்டாம். சரளை அடுக்கில் ஓரம் கூராகச் சீவிய வெள்ளைக் கல் சில்லு கண்ணில் பட்டால், அது கற்கருவியாக இருக்கலாம், பிடுங்காதீர்கள். அடுக்குக் கலைந்தால் அதன் காலத்தைக் கணிக்க வழியில்லாமல் போகும். இடத்தைக் குறித்துக்கொண்டு, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் மகிழ்வேன்.

அன்புடன்.