ரவிவர்மா படம் வளவிலேயே இருக்கட்டும்

வீட்டு அழகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் சும்மா கிடந்த அறையைக் குளியலறை ஆக்கிவிட்டோம். அப்பத்தா காலத்து ரவிவர்மா படம் ஒன்று பரணில் கிடைத்தது. தேக்குச் சட்டம், புடவையில் ஜரிகை ஒட்டியிருக்கிறது. வாஷ்பேசினுக்கு எதிரே மாட்டலாம் என்கிறாள் மகள். கெட்டுப்போகுமா?
– வாசகி, கண்டனூர்

பதில்: கெட்டுப்போகும். மாட்ட வேண்டாம்.

ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் பழைய படங்கள் கல்லச்சில் நிறம் நிறமாக ஏற்றி எடுத்தவை. மேலே வார்னிஷ் இருப்பதால் எண்ணெய்ச் சித்திரம் போலத் தெரிகிறது. அடியில் இருப்பது காகிதம்தான். வெந்நீர்க் குளியல் ஒவ்வொன்றுக்கும் அது ஈரம் குடித்து விரியும், காய்ந்ததும் சுருங்கும். கொஞ்ச நாளில் அலை அலையாகிக் கண்ணாடியைத் தொடும். தொட்ட இடத்தில் வண்ணம் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும், பிரித்தால் தாளோடு உரிந்து வரும். சட்டத்தின் பின்னால் அந்தக் காலத்தில் அடித்த மெல்லிய மரப்பலகை தாளைப் பழுப்பாக்கும். ஈரம் சேர்ந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். ஒட்டிய மாவுப் பசைக்கு இராமபாணப் பூச்சி தேடி வரும். ஜரிகை கறுத்துவிடும்.

மகளின் ஆசையை நகல் எடுத்து நிறைவேற்றலாம். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் சட்டத்தைக் கழற்றவே கூடாது. அப்படியே சாய்த்து வைத்து, இருபக்கமும் 45 டிகிரியில் இரண்டு விளக்கு வைத்து, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திப் படமெடுங்கள். கண்ணாடியில் உங்கள் உருவம் விழாமலிருக்க கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டுங்கள். 12-க்கு 18 அங்குலம் அச்சடிக்க 3600-க்கு 5400 புள்ளிகள் வேண்டும். 20 மெகாபிக்சல் கேமரா போதும். காகிதத்திலோ கேன்வாஸிலோ வேண்டாம். 3 மி.மீ. ஏ.சி.பி. ஷீட்டில் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) நேரடியாக யு.வி. பிரிண்ட் (புற ஊதா ஒளியில் மை உடனே இறுகும் அச்சு) எடுக்கச் சொல்லுங்கள். வினைல் ஸ்டிக்கர் அடித்து ஷீட்டில் ஒட்டித் தருகிறோம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், நீராவியில் ஓரம் தூக்கும்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 4¾ முதல் 5 அடிக்குள் வரட்டும். ஷவரிலிருந்து மூன்றடியாவது தள்ளியிருக்க வேண்டும். சாமி படம் என்றால் நகலும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது. மூலப்படத்துக்கு வளவுச் சுவர்தான் (முற்றத்தைச் சுற்றிய பகுதியின் சுவர்) இடம், அதிலும் நேர்வெயில் விழாத பக்கம்.

கேள்வி: தஞ்சாவூர் ஓவியத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் குளியலறையில் மாட்டினால்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கூடாது. பலகைமேல் துணி, துணிமேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு, அதன்மேல் தங்கத்தாள். பசை ஈரத்தில் இளகினால் மேடாக எழுப்பிய நகை வேலை கொப்புளம் போல உப்பி, தங்கத்தோடு பெயர்ந்துவிடும். பெட்டிக்குள் புகுந்த நீராவி வெளியே போக வழியில்லாததால் கேடு இன்னும் அதிகம்.

கேள்வி: முட்டை வெள்ளைக்கரு கலந்த பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். ஆணி அடித்தாலே சில்லுச் சில்லாக வருகிறது. படத்தை எப்படி மாட்டுவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: அடிப்பதுதான் தவறு. அந்தப் பூச்சு பல பூச்சாக ஏற்றி மெருகிட்டது. மேல் பூச்சு கண்ணாடி போல வழவழப்பாகவும் மெல்லியதாகவும் இருக்கும். சுத்தியலின் அதிர்வு பட்டால் அது அடிப்பூச்சிலிருந்து விட்டுப்போகும். முதலில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்தைத் தொடவே வேண்டாம். கெட்டியான இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ட்ரில்லில் ஹாமரை அணைத்துவிட்டு, டைல்ஸ் பிட்டால் மெதுவாகத் தொடங்குங்கள். பூச்சைத் தாண்டிச் செங்கலைத் தொட்டதும் சாதாரண 6 மி.மீ. பிட்டுக்கு மாறி, செங்கலுக்குள் 40 மி.மீ. ஆழம் போங்கள். தூசியை ஊதி எடுத்த பிறகு நைலான் பிளக், அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு. இரும்புத் திருகு துருப்பிடித்தால் வெள்ளைச் சுவரில் காவிக்கோடு இறங்கும். சுண்ணாம்பு அந்தக் கறையை உறிஞ்சிக்கொள்ளும், துடைத்தால் போகாது.

சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் குமிழ் ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே அரை அங்குலம் காற்றோட விடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர். அதோடு ஒட்டி மாட்டினால் பின்னால் பூஞ்சணம் பூக்கும். இதே காரணத்துக்காக அந்தச் சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்காதீர்கள். ஜன்னல் இல்லாத அறை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளித்து முடித்து 20 நிமிடம் ஓடவிட வேண்டும்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பழைய பீங்கான் பூச்சுத் தட்டுகள் வாங்கினோம். மிச்சம் இருக்கும் ஆத்தங்குடிக் கற்களும் ஐந்தாறு உண்டு. இரண்டையும் குளியலறைச் சுவரில் வைக்கலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: தட்டுகளைத் தாராளமாக வையுங்கள். நம் பக்கத்துக் குளியலறைக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் இல்லை என்பது எங்கள் கருத்து. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைச் சுட்டு உருக்கிய பூச்சு அது. நீராவி ஒன்றும் செய்யாது. பூச்சு தெறித்து இரும்பு தெரியும் விளிம்புதான் பலவீனம். அங்கே துருவை 400 நம்பர் உப்புத்தாளால் (வாட்டர் பேப்பர்) லேசாகத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, இரண்டு கோட் தெளிவான வார்னிஷ் தொட்டு வையுங்கள். தட்டு மாட்டும் கம்பி கொக்கிகளின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் செருகாவிட்டால், மாட்டும்போதே புதுசாகச் சில்லு தெறிக்கும். தட்டுகளை ஒரே அளவில் வரிசை கட்டாமல், பெரியதை நடுவில் வைத்துச் சிறியவற்றைச் சுற்றி விடுங்கள். தரையில் பரப்பிப் பார்த்து, தாளில் வெட்டிய வட்டங்களைச் சுவரில் ஒட்டிப் பார்த்த பிறகே துளை போடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் வேறு கதை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்வது, சூளையில் சுடுவதில்லை. மினுமினுப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. சுடாத சிமெண்ட் என்பதால் ஷவர் நனைக்கும் சுவரில் உப்பு பூத்து நிறம் மங்கும். வாஷ்பேசினுக்கு மேலே, உலர்ந்த பக்கம் பதிக்கலாம். 10 அங்குலக் கல் ஒன்று மூன்று கிலோவை நெருங்கும். கொக்கியில் தொங்கவிட வேண்டாம். மெருகிட்ட சுண்ணாம்புப் பூச்சின்மேல் பசை பிடிக்காது, கனம் தாங்காமல் பூச்சோடு உரிந்து வரும். சிமெண்ட் பூசிய சுவரில் மட்டும், கல்லின் முதுகு முழுக்க டைல் அட்ஹெசிவ் தடவிப் பதியுங்கள்.

தரை கழுவும் ஆசிட்டை இந்தக் குளியலறைக்குள் கொண்டுபோகவே கூடாது. சிமெண்ட் கல்லின் மினுமினுப்பை அது ஒரே கழுவலில் தின்றுவிடும். அதன் புகை பட்டால் தட்டின் தெறித்த ஓரங்களில் துரு வேகமாக ஏறும். இளஞ்சூட்டு நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.