டாக்டரின் கைகள் கட்டப்பட்ட கதைகள்

கேள்வி: ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகவாசி காலத்தில் முன்னும் பின்னும் பயணிக்கும் பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரைத் தாங்கள் அடிக்கடி புகழ்கிறீர்கள். 1963இல் தொடங்கிய தொடரை முதல் எபிசோடிலிருந்தே பார்த்து வர வேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: விரும்பினாலும் அப்படிப் பார்க்க இயலாது. ஒளிப்பதிவு நாடாவைத் துடைத்துவிட்டு வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவது அக்காலத்து வழக்கமாதலால், 1960களில் வந்த பகுதிகளில் பலவற்றைப் பிபிசி காப்பாற்றி வைக்கவில்லை. சாகும் நிலையில் டாக்டர் உருமாறிப் புது உடல் பெறுவார், நடிகரும் மாறுவார். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உருமாறி பேட்ரிக் டிரௌட்டன் ஆகும் 1966ஆம் ஆண்டுப் பகுதிகூட முழுமையாக இல்லை. உருமாறும் அந்தச் சில நொடிகள் மட்டும் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் மறுபடி காட்டப்பட்டதால் தப்பின.

1989இல் நின்றுபோய் 2005இல் மறுபடி தொடங்கிய புதிய தொடரிலிருந்து, 2007இல் வந்த ‘பிளிங்க்’ எபிசோடை முதலில் பாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்வரை கல்லாக நின்று, கண் இமைத்த கணத்தில் நெருங்கி வரும் சிலைகளின் கதை அது. படப்பிடிப்புக் கால நெருக்கடியால் டாக்டர் அதில் மிகக் குறைவாகவே தோன்றுகிறார். 1969ஆம் ஆண்டில் மாட்டிக்கொண்டு, பதிவு செய்யப்பட்ட காட்சிகள் வழியாக மட்டுமே உதவுகிறார். அவரால் நேரில் எதுவும் செய்ய முடியாததே கதைக்குப் பலம். எதையும் செய்ய வல்லவராக டாக்டர் வலம்வரும் எபிசோடுகளைவிட, அவருடைய கைகள் கட்டப்பட்ட எபிசோடுகளே சிறந்தவை என்பது என் கட்சி.

கேள்வி: இயந்திரக் கூட்டுக்குள் வாழும் பரம எதிரிகளான டாலெக் இனத்தை முளையிலேயே கிள்ளி எறிய வாய்ப்புக் கிடைத்தும் டாக்டர் தயங்குவது அபத்தமாகத் தோன்றவில்லையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: 1975இல் டெர்ரி நேஷன் எழுதிய ‘ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்’ கதையைக் கேட்கிறீர்கள். டாக்டராக நடித்த டாம் பேக்கர், வெடிகளோடு இணைந்த இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்தபடி, இவற்றை ஒன்றோடொன்று தொட வைத்து ஓர் இனத்தையே அழிக்கும் உரிமை தமக்கு உண்டா என்று கேட்கும் காட்சியை ரசிகர்கள் வேதவாக்காகவே போற்றுகிறார்கள். அந்தத் தயக்கம் அபத்தமில்லை. அதை எழுத்தாளர் முடித்துவைத்த விதத்தில்தான் எனக்குக் குறை. டாக்டர் முடிவெடுக்கும் முன்பே, டாலெக்குகளை உருவாக்கிய டாவ்ரோஸ் எதிர்ப்பாளர்களின் நிபந்தனைகளுக்கு இணங்கிவிட்டான் என்ற செய்தி வந்து அவரைக் காப்பாற்றிவிடுகிறது. பிறகு அந்தச் செய்தி பொய்த்துப்போய் அவர் வெடிவைக்கத் திரும்பி வரும்போது, ஒரு டாலெக்கே கம்பிகள்மீது ஏறி வெடிப்பை நிகழ்த்திவிடுகிறது. இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லும் பொறுப்பை ஓர் இயந்திரத்தின் சக்கரத்திடம் விட்டுவிடுவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

என்னைக் கேட்டால், அதே கதையில் அதைவிட உயர்ந்த காட்சி வேறொன்று உண்டு. எல்லா உயிர்களையும் அழிக்கவல்ல ஒரு கிருமி உன் கையில் இருந்தால் அதை வெளியே விடுவாயா என்று டாக்டர் டாவ்ரோஸிடம் கேட்கிறார். அவன் முதலில் ஓர் ஆய்வாளனுக்குரிய ஆர்வத்தோடு யோசிக்கத் தொடங்கி, மெல்லமெல்லச் சூடேறி, விடுவேன் என்று முழங்குகிறான். முகம் முழுவதும் முகமூடி, அசையும் கை ஒன்றே. எஞ்சியது குரல் மட்டும் என்ற நிலையில், டாவ்ரோஸாக நடித்த மைக்கேல் விஷர் அதைச் செய்திருக்கிறார். (அதே கதையில் வரும் ராட்சதச் சிப்பிகளை மன்னித்துவிடுங்கள்.)

கேள்வி: தொடரிலேயே மிக மோசமான கதை எது?
– வாசகர், ஈரோடு

பதில்: 1984இல் வந்த ‘த ட்வின் டிலெம்மா’. புதிய டாக்டர் தம் தோழியின் கழுத்தை நெரிப்பதோடு அவர்மீது நமக்கிருந்த பரிவும் போய்விடுகிறது. 2009இல் ‘டாக்டர் ஹூ மேகசின்’ 200 கதைகளை வைத்து நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் கடைசி இடம் பெற்றதும் இதுவே. அந்த வாக்கெடுப்பில் முதலிடம் பெற்ற ‘த கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி’ இதற்கு நேர் முந்தைய கதை என்பதுதான் வேடிக்கை. அதில் டாக்டருக்கும் தோழிக்கும் விஷம் ஏறிவிடுகிறது, கிடைத்த மருந்தோ ஒருவருக்குத்தான் போதும். உலகைக் காக்கும் வேலை எதுவும் இல்லாமல், ஒரு பெண்ணைப் பிழைக்க வைக்க மட்டுமே அவர் நான்கு பகுதிகளிலும் ஓடுகிறார்.

கேள்வி: இந்தியப் பிரிவினையை வைத்து எடுத்த எபிசோடு நம்மவர் பார்க்கத் தக்கதா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். 2018 நவம்பரில் வந்த ‘டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்’ எபிசோடை எழுதியவர் வினய் படேல். தோழி யாஸ்மின் தன் பாட்டியின் இளமைக் காலத்தைக் காண 1947 ஆகஸ்டுக்குச் செல்கிறாள். முஸ்லிமான பாட்டி, பிரேம் என்ற இந்து இளைஞரை மணக்கவிருக்கிறார். கொலைகாரர்கள் என நாம் ஐயுறும் வேற்றுக்கிரகவாசிகள், துணையின்றி இறப்பவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள் என்று தெரிய வருகிறது. பிரேமின் சாவுக்கோ அவருடைய சொந்தத் தம்பியே காரணமாகிறான். பிரேம் பிழைத்தால் யாஸ்மின் பிறக்கமாட்டாள் என்பதால் டாக்டர் விலகி நடக்க வேண்டியிருக்கிறது. தம்பியின் மனமாற்றத்தை இன்னும் நிதானமாகக் காட்டியிருக்கலாம். ஸ்பெயினில் படமாக்கிய நிலக்காட்சி பஞ்சாபின் வயல்வெளியாகத் தோன்றவில்லை என்பதும் உண்மை. தொடரின் முதல் கதையை இயக்கிய வாரிஸ் உசைன் லக்னோவில் பிறந்தவர் என்பதை நினைத்தால், இந்தக் களத்துக்கு வர அவர்களுக்கு 55 ஆண்டுகள் ஆனது சற்று அதிகம்தான்.

கேள்வி: ‘ஹெவன் சென்ட்’, ‘மிட்நைட்’ இரண்டில் எது உயர்ந்தது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 2015இல் வந்த முன்னதில், டாக்டராக வரும் பீட்டர் கபால்டி ஏறக்குறையத் தனியாகவே நடித்து, வைரத்தைவிடக் கடினமான சுவரைக் கைமுட்டியால் குத்திக் குத்தி 450 கோடி ஆண்டுகளில் உடைக்கிறார். அபாரமான எபிசோடுதான், ஆனாலும் கடைசியில் டாக்டர் வென்றுவிடுகிறார். 2008இல் வந்த ‘மிட்நைட்’ எபிசோடில், பேசியே தப்பிக்கும் மனிதரிடமிருந்து பேச்சே பறிக்கப்படுகிறது: ஒரு பெண் பயணியின் உடலில் புகுந்த ஏதோ ஒன்று, டாக்டர் சொல்வதை முதலில் திருப்பிச் சொல்லி, பிறகு உடன் சொல்லி, இறுதியில் அவருக்கு முன்பே சொல்லத் தொடங்குகிறது. அச்சத்தில் சக பயணிகளே அவரை வண்டியிலிருந்து வெளியே தள்ள முற்படுகிறார்கள். அவரைக் காப்பாற்றுபவள் பணிப்பெண். அந்த உயிர் எது என்று எபிசோடு முடியும்வரை நமக்குச் சொல்லப்படுவதில்லை. என் வாக்கு ‘மிட்நைட்’டுக்கே.