டெக் பலகை: பதப்படுத்திய மரமா, கம்போசிட்டா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்புற டெக் (வீட்டை ஒட்டி வெளியே அமைக்கும் மர மேடை) 1998இல், அழுகாதபடி மருந்தேற்றிப் பதப்படுத்திய மரத்தால் கட்டப்பட்டது. அடிக்கடி சாயம் பூசியும் பலகைகள் வெடித்து, குழந்தைகளின் காலில் சிராய் ஏறுகிறது. கம்போசிட் பலகைக்கு மாறினால் தொல்லை தீருமா? பழைய சட்டகத்தின் மேலேயே அதைப் பொருத்தலாமா?
— ஒரு வாசகி, மார்க்கம், கனடா

பதில்: சிராயும் சாயம் பூசும் வேலையும் கட்டாயம் தீரும். மரத்தூளையும் பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக்கையும் சூட்டில் கலந்து அச்சின் வழியே பிதுக்கி எடுப்பதே கம்போசிட். இப்போது வரும் பலகைகள் பலவற்றின் மேல் பிளாஸ்டிக் உறையும் இருப்பதால், பழைய வகைகளைவிட இவற்றில் கறையும் பூஞ்சையும் குறைவாகவே பிடிக்கின்றன. ஆனால் இது நடப்பதற்கான மேல்பலகை மட்டுமே. வீட்டுப் பாரத்தைத் தாங்கும் விட்டமாகவோ தூணாகவோ இதைப் பயன்படுத்த முடியாது. அடியில் இருக்கப்போவது பதப்படுத்திய மரச் சட்டகம்தான் என்பதால், உங்கள் டெக்கின் ஆயுளை அந்தச் சட்டகமே தீர்மானிக்கும்.

ஆகவே முதலில் சில பலகைகளைக் கழற்றி, குறுக்குச் சட்டங்களின் மேல்விளிம்பிலும், வீட்டுச் சுவரோடு சட்டகம் இணையும் இடத்திலும் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். முனை எளிதாக உள்ளே இறங்கினால், அல்லது மரம் கருத்து நார்நாராகப் பிரிந்தால், அந்தச் சட்டகத்தின் மேல் விலை கூடிய பலகையைப் போடுவது வீண் செலவு மட்டுமன்று, ஆபத்தும்கூட. சட்டகம் உறுதியாக இருந்தாலும் இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். கம்போசிட் பலகை மரத்தைவிட எளிதில் வளையும், வெயிலில் மேலும் இளகும். எனவே சட்டங்களின் மையத்துக்கு மையம் பொதுவாக 16 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, பலகைகளைச் சாய்வாகப் போடுவதாயின் 12 அங்குலம் நல்லது. பழைய டெக்குகளில் தடித்த மரப்பலகையை நம்பி 24 அங்குலம் வரை விட்டிருப்பதும் உண்டு. அங்கே இடையிடையே புதுச் சட்டங்கள் சேர்த்தாக வேண்டும்.

மரவேலை பழகிய கைகளும் தவறுவது பலகை முனைகளில்தான். மரம் ஈரத்தால் அகலத்தில் பருத்துச் சுருங்கும், நீளத்தில் அநேகமாக மாறாது. கம்போசிட்டோ வெப்பத்தால் நீளத்தில் மாறும். 16 அடிப் பலகை ஒன்று உங்கள் ஊரின் ஜனவரிக் குளிருக்கும் ஜூலை வெயிலுக்கும் இடையே கால் அங்குலத்துக்கும் மேலாக நீளக்கூடும். குளிர்நாளில் முனைகளை நெருக்கிப் பொருத்தினால் கோடையில் அவை ஒன்றையொன்று தள்ளிப் புடைத்துக்கொள்ளும் என்பதால், வேலை நடக்கும் நாளின் வெப்பநிலைக்கு ஏற்றபடி தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை அப்படியே விடச் சொல்லி ஒப்பந்ததாரரிடம் வலியுறுத்துங்கள். சாதாரண மர ஸ்க்ரூவை முறுக்கினால் துளையைச் சுற்றிப் பலகை காளான்போல் மேலெழும்பும். பக்கவாட்டுப் பள்ளத்தில் மாட்டும் கிளிப்புகளே அழகும் வசதியும். அடர்நிறங்கள் வெயிலில் வெறுங்காலைச் சுடும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வெளிர்நிறமே என் பரிந்துரை.

சட்டகத்தையும் மாற்ற வேண்டியிருந்து, இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதாதென்றால், தயங்காமல் சட்டகத்தைச் சரியான இடைவெளியில் புதிதாகக் கட்டி, இப்போதைக்கு மரப்பலகையே போடுங்கள். பிறகு கம்போசிட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

கேள்வி: கழற்றிய பழைய டெக் பலகைகளைக் கொல்லையில் கத்தரி, வெண்டைப் பாத்திகளுக்கு வேலியாக வைக்கலாமா? மிச்சத்தை எரித்துவிடலாமா?
— ஒரு வாசகர், பிராம்ப்டன், கனடா

பதில்: இரண்டும் வேண்டாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் 2003 முடியும்வரை வீட்டு டெக் மரங்களுக்குப் பெரும்பாலும் குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலந்த மருந்தையே ஏற்றினார்கள். அந்த ஆர்சனிக் பாத்தி மண்ணில் கசியும். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் தங்கும். பலகைகளை அறுக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணிந்து, தூளைத் தார்ப்பாயில் சேகரித்து, நகராட்சிக் கழிவு நிலையத்தில் பதப்படுத்திய மரம் என்று சொல்லியே ஒப்படையுங்கள்.