ஓய்வுக் காசைப் பங்கில் போடலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கையில் வந்த காசுக்குத் தங்கப் பவுண் வாங்கி வைக்கச் சொல்கிறார் கணவர். பங்குச் சந்தையில் போடச் சொல்கிறான் கொழும்பில் இருக்கும் மகன். அது சூதாட்டம்தானே? அதனால் நாட்டுக்கு என்ன பயன்?
- ஒரு சகோதரி, கோண்டாவில்

பதில்: அன்பான சகோதரி, நாட்டுக்கு என்ன பயன் என்பதை முதலில் எடுக்கிறேன். மற்றதற்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

ஊரில் சீட்டுப் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். இருபது பேர் மாதாமாதம் கட்டுகிறார்கள். அவசரம் உள்ளவர் கழிவு கூறி முதலில் எடுக்கிறார், அந்தக் கழிவு மற்றவர்களுக்குப் பிரிகிறது. இப்போது தேவையில்லாதவரின் காசு இன்றே தேவைப்படுபவரிடம் போகிறது, அதற்கான விலையும் அங்கேயே தீர்கிறது. வங்கியும், அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலும், பங்குச் சந்தையும் இதைத்தான் பெரிய அளவில் செய்கின்றன.

ஒரு கம்பனி புதிதாகப் பங்கு வெளியிடும்போது வாங்கினால் உங்கள் காசு கம்பனிக்கே போகும். அதில் இயந்திரம் வாங்குவார்கள், ஆள் எடுப்பார்கள். அதன்பின் கொழும்புப் பங்குச் சந்தையில் தினமும் நடப்பது பெரும்பாலும் கைமாறல்தான், காசு விற்றவருக்குப் போகிறது. இதைப் பார்த்துத்தான் பலர் சூது என்கிறார்கள். ஆனால் பிறகு விற்க இடமில்லை என்றால் முதலில் யார் வாங்குவார்? பிரிக்காத காணியில் பங்கு உள்ளவர்களைக் கேளுங்கள். விற்பதென்றால் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி முதலில் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். சொத்து இருக்கும், அவசரத்துக்குக் காசாகாது.

கணவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய ஆண்டைவிடக் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியிருந்தது. நிரந்தர வைப்பில் இருந்த காசின் பெறுமதி கண்முன்னே கரைந்தது. நகை இருந்தவர்களுக்கு அடைவு வைக்கவாவது வழி இருந்தது. ஆனாலும் அலமாரியில் பூட்டிய சங்கிலி யாருக்கும் வேலை கொடுக்காது. யாழ்ப்பாணத்தில் நல்லூரிலோ திருநெல்வேலியிலோ வெறுங்காணி வாங்கி வேலியடைத்து விடுவதும் அப்படித்தான். வெளிநாட்டுக் காசு வந்து காணி விலை ஏறுகிறது, இங்கே சம்பளத்தில் வாழும் இளம் குடும்பத்துக்கு அது எட்டாமல் போகிறது. இது எனக்கு நெடுநாள் மனவருத்தம்.

சரி, சூதாட்டம் எப்போது? கடன் வாங்கி, யாரோ சொன்ன கதையைக் கேட்டு, இன்று வாங்கி நாளை விற்கப் போனால் அது சூதாட்டம்தான். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியபோது பங்குச் சந்தை ஒரு வாரம் மூடிக் கிடந்தது. அந்த வாரம் மருந்துக்குப் பங்கில் போட்ட காசையே நம்பியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ஒரு வருடச் செலவை வங்கியில் வையுங்கள். வங்கி முறிந்தால் கைகொடுக்கும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபா வரைதான், அதற்கு மேல் இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரியுங்கள். இன்னொரு பகுதியை 91, 182 அல்லது 364 நாள் திறைசேரி உண்டியலில் போடலாம். கொஞ்சம் பவுணும் இருக்கட்டும். ஐந்து வருடம் தொடத் தேவையில்லாத காசு மட்டும் பங்குக்கு. வாங்குமுன் அந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையை மகனோடு இருந்து வாசியுங்கள். அப்புறம், பங்கு வாங்கும் கணக்கை மகன் பெயரில் அல்ல, உங்கள் பெயரிலேயே திறவுங்கள்.